கைக்கு வேலை, காதுக்குக் கதை

திண்டுக்கல் என்றதும் பலருக்குப் பூட்டு நினைவுக்கு வரும். வயதானவர்களுக்குச் சுருட்டும் சேர்ந்து நினைவுக்கு வரும். இச்சமவெளியில் விளைந்த புகையிலை ஒரு காலத்தில் இவ்வூரின் பெயரைக் கடல் கடந்தும் கொண்டு சென்றது. சுருட்டின் குணதோஷங்களை நாம் இங்கே விசாரிக்கப் போவதில்லை. பள்ளிக்கூட உபாத்தியாயரின் அபிப்பிராயம் என்னவாயிருக்கும் என்பதை நேயர்களே ஊகித்துக் கொள்ளலாம். சுருட்டோடு பிறந்த ஒரு நல்ல வழக்கத்தைப் பற்றிச் சொல்லவே வந்தோம்.

கியூபாவின் ஹவானா நகரில் 1865-ஆம் ஆண்டு அவ்வழக்கம் ஆரம்பமாயிற்று. தொழிலாளிகள் வரிசையாக அமர்ந்து சுருட்டுச் சுற்றுகையில், உயர்ந்த ஆசனத்திலிருந்து ஒருவர் உரக்க வாசிப்பார். முதலில் பத்திரிகை; பிறகு நாவல். அலெக்ஸாந்தர் தூமா எழுதிய மாண்டி கிறிஸ்டோ பிரபுவின் கதையில் அவர்கள் எவ்வளவு சொக்கிப் போனார்கள் என்றால், பின்னாளில் ஒரு சுருட்டுக்கே அப்பெயர் வந்துவிட்டது! வாசிப்பவருக்குச் சம்பளம் கொடுத்தவர் முதலாளி அல்ல. தொழிலாளிகளே தங்கள் கூலியிலிருந்து காசு சேர்த்துக் கொடுத்தார்கள். அதிகாரம் செலுத்துவோருக்கு இது பொறுக்குமா? மறு வருஷமே ஸ்பானிய ஆட்சியினர் தடை விதித்தார்கள். ஆயினும் வழக்கம் பிழைத்துக்கொண்டது.

நம் பக்கத்து மலையாள நாட்டில், கண்ணனூர்ப் பீடித் தொழிலாளிகளும் இதையே செய்தார்கள். அவர்களில் ஒருவர் வாசிப்பார். அவர் சுற்ற வேண்டிய பீடியை? மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகச் சுற்றி அவர் கணக்கில் சேர்த்து விடுவார்கள். பள்ளிக்கூடத்து வாசலை மிதியாதவர்களும் இவ்வாறு தேச விவகாரங்களைத் தெரிந்துகொண்டார்கள்.

நமது ஜில்லாவைச் சேர்ந்த வத்தலக்குண்டில் 1872-ல் பிறந்த ராஜம் ஐயர், 'கமலாம்பாள் சரித்திர'த்தை 1893 முதல் 'விவேக சிந்தாமணி'யில் தொடராக எழுதினார். எழுத்தறிந்தோர் சிலரேயான அக்காலத்தில், வீட்டில் ஒருவர் வாசித்தால்தான் மற்றவருக்குக் கதை கிடைக்கும். பாரதமும் இராமாயணமும் கிராமங்களில் வாழ்ந்ததும் அப்படித்தானே?

இன்று வீட்டில் நால்வர் இருந்தால் நால்வர் காதிலும் தனித்தனிக் கருவி. ஒருவர் சிரித்தால் எதற்குச் சிரித்தார் என்பது மற்றவருக்குத் தெரியாது. பொழுதுபோக்கு நிறைய உண்டு. ஆனால் சேர்ந்து அனுபவித்தது எது என்று கேட்டால் விடை இல்லை. கண் மங்கிய பாட்டிக்கோ அதிலும் பங்கில்லை.

நாம் கூறும் யோசனை மிக எளியது. இரவில் அரை மணி நேரம், வீட்டிலுள்ள குழந்தை ஒரு நல்ல கதையை உரக்க வாசிக்கட்டும். கீரை ஆய்வதும், நிலக்கோட்டை மல்லிகையைத் தொடுப்பதும், துணி மடிப்பதும் அதனால் நின்றுவிடா. மௌனமாக வாசிக்கையில் விழுங்கப்படும் ழகரமும் றகரமும் தாமே வெளிப்படும். தவறினால் திருத்தப் பாட்டி இருக்கிறாள். அவளுக்கு எழுத்துத் தெரியாவிட்டாலும் தமிழ் தெரியும்.

ஆனால் கண்ணனூர்த் தொழிலாளிகளின் தர்மத்தை மட்டும் மறந்துவிடலாகாது: வாசிக்கிற குழந்தையின் பங்கு வேலையை மற்றவர்கள் செய்ய வேண்டும். முக்கியமாக, வீட்டு எஜமானர்!