நீயா, நீங்களா?

திருமங்கலத்திலிருந்து டி. கல்லுப்பட்டிக்குப் போகும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து பாருங்கள். பூக்கூடையோடு ஒரு கிழவி வந்து, "கொஞ்சம் தள்ளி உக்காரு தாயி" என்பாள். பெயர் தெரியாது, ஊர் தெரியாது; அதற்குள் நீங்கள் அவளுக்குத் தாயாகிவிட்டீர்கள்! உங்கள் மடியிலிருக்கும் பொடியன்கூட "ஐயா" ஆகிவிடுவான். அந்த ஒருமை யாருக்கும் கசப்பதில்லை.

மரியாதைக்குப் பேர்போன ஜப்பானியர் பிறர் பெயரோடு 'ஸான்' சேர்ப்பார்கள். தன் பெயருக்குத் தானே போட்டுக்கொள்ளக் கூடாது. வினைச்சொல்லும் மாறும். பெரியவர் வந்தால் 'இராஷ்ஷாரு'. அடக்கமாகத் தன் வருகையைச் சொன்னால் 'மாயிரு'. 'அனாதா' என்றால் 'நீங்கள்'தான்; ஆனால் பெரியவர்களிடம் அதைச் சொல்லக் கூடாது. மனைவி கணவனை அழைக்க மட்டும் அதே சொல் இனித்தது! நம் 'என்னங்க'வின் தங்கை என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

ஒரு வித்தியாசம். தாயை வீட்டில் 'ஓகாஸான்' என்று அழைப்பவர்கள், வெளியாரிடம் பேசும்போது அடக்கமாக 'ஹாஹா' என்பார்கள். நாமோ யாரிடம் பேசினாலும், "எங்க அம்மா சொன்னாங்க" என்றுதான் சொல்வோம்.

ஒருவரைப் பன்மையில் சொல்வது உயர்வு கருதிய வழக்கு என்று தொல்காப்பியமே சொல்லிவிட்டது. சரி, அந்த உயர்வை நாம் யாருக்குக் கொடுக்கிறோம்?

கடவுளுக்கு 'நீ', பெற்ற தாய்க்கு 'நீ', குழந்தைக்கு 'நீ'. இவையெல்லாம் அன்பு. பாத்திரம் தேய்க்க வரும் மூதாட்டிக்கும் 'நீ' என்கிறோமே, அதுவும் அன்புதானா? தலை நரைத்த கூலியாளைச் சாதியைப் பார்த்துச் சின்னப் பையன் 'வா, போ' என்ற வழக்கம் கிராமங்களில் நெடுங்காலம் இருந்தது. இன்னும் முற்றும் ஒழிந்தபாடில்லை.

டி. கல்லுப்பட்டியில் 1940-ல் தோன்றியது காந்தி நிகேதன் ஆசிரமம். கிராமத் தொழிலுக்காகப் பாடுபட்ட அறிஞர் ஜே. சி. குமரப்பா தம் கடைசி ஆண்டுகளை அங்கேதான் கழித்தார், 1960-ல் மறைந்தார். உழைப்பை மதிக்க வேண்டும் என்று நாமும் சொல்கிறோம். அந்த மதிப்பு நாக்கில் தொடங்க வேண்டாமா?

நானும் தப்பவில்லை. பூக்காரக் கிழவி "என்பாள்" என்று மேலே எழுதினேன், கவனித்தீர்களா? அவர் ஒரு டாக்டர் அம்மாளாக இருந்திருந்தால் "என்பார்" என்றல்லவா பேனா ஓடியிருக்கும்!

நாளைக் காலை வேலைக்கு வரும் அம்மாளிடம், "வாங்க" என்று சொல்லிப் பாருங்கள். அருகில் நிற்கும் குழந்தை தானே கற்றுக்கொள்ளும்.