வளைந்த முகம், தெரியும் மனம்

எந்தப் பெண்ணுக்கும் அவ்வளவு நீளமான கழுத்து கிடையாது. கண்கள் காதுவரை ஓடுகின்றன, விரல்கள் கொடியாக நெளிகின்றன. ஆனாலும் சையட் தாஜுடினின் ஓவியத்தைப் பார்த்ததும் எனக்கு முதலில் தெரிந்தது அந்த அளவுப் பிசகல்ல, அவள் யாருக்காகவோ ஏங்குகிறாள் என்பதுதான்.

1943இல் இராமநாதபுரத்துச் சீமையின் அழகன்குளத்தில் பிறந்தவர் தாஜுடின். பினாங்கில் வளர்ந்தார். ஓவியம் கற்கச் சென்னைக்குப் போய் அரசு கவின்கலைக் கல்லூரியில் படித்தார். காதலே அவருடைய தீராத பொருள். உடலை உள்ளபடி வரையாதவருக்கு உள்ளம் எப்படி இவ்வளவு துல்லியமாக வசப்படுகிறது?

இதற்கு ஒரு விளக்கம் தந்தவரும் தமிழரே. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன், வில்லியம் ஹிர்ஸ்டைனுடன் சேர்ந்து 1999இல் எழுதிய கட்டுரையில் எலிச் சோதனை ஒன்றைச் சொல்கிறார். சதுரத்தை விட்டுச் செவ்வகத்தை நாடினால் எலிக்குத் தீனி. பழகிய பிறகு, இன்னும் நீண்டு மெலிந்த செவ்வகம் ஒன்றைக் காட்டினால், பழகியதை விட்டுப் புதியதற்கே அது அதிகம் பாய்கிறது. எலி கற்றுக்கொண்டது ஒரு வடிவத்தை அல்ல. சதுரத்திலிருந்து அது வேறுபடும் விதத்தை. கலைஞரும் அந்த வேறுபாட்டைப் பிடித்து மிகையாக்கும்போது மூளை கூடுதலாகக் கிளர்கிறது என்பது ராமச்சந்திரனின் வாதம். சோழர் காலப் பார்வதி செப்புத்திருமேனியை அவர் சான்று காட்டினார். எல்லா ஆய்வாளரும் இதை ஏற்கவில்லை. தாஜுடினின் பெண்களுக்கு இது பொருந்துகிறது என்றே நான் நினைக்கிறேன்.

நீட்டுவது ஒன்று, உடைப்பது வேறு. ஓவியர் பிரான்சிஸ் பேக்கன் (1909–1992) முகத்தைப் பிசைந்து, திருகி, சதையாக வழியவிட்டார். அங்கே வருவது ஏக்கமல்ல, அதிர்ச்சி. நரம்பியல் ஆய்வாளர்கள் செமிர் ஸெக்கி, டொமோஹிரோ இஷிஸு இருவரும் 2013இல் இதை ஆராய்ந்தார்கள். முகம் எப்படி இருக்க வேண்டும் என்ற அச்சு மூளையில் பிறவியிலேயே உண்டு, பேக்கன் அதையே தாக்குகிறார் என்பது அவர்கள் கருத்து. பிறந்து ஒரு மணி நேரம்கூட ஆகாத குழந்தை முகம் போன்ற வடிவத்தைக் கண்ணால் பின்தொடர்வது சோதனைகளில் தெரிந்திருக்கிறது. கோணலான நாற்காலிக்குக் கண் சீக்கிரம் பழகிவிடும். கோணலான முகத்துக்கு அப்படிப் பழகுவதில்லை என்கிறார்கள் ஸெக்கியும் இஷிஸுவும்.

கிள்ளான் தோட்டங்களில் முனீஸ்வரர் சிலைகளைச் செய்தவர்களுக்கு இந்த ஆய்வு எதுவும் தேவைப்படவில்லை. உருட்டி விழிக்கும் அந்தக் கண்கள் எந்த மனித அளவுக்கும் அடங்காதவை. பார்த்தவருக்கு அச்சமும் வரும், காவல் இருக்கிறது என்ற தெம்பும் வரும்.

பிரிக்ஃபீல்ட்ஸுக்குச் சாமான் வாங்க வரும் நாளில் கோலாலம்பூர் தேசியக் கலைக்கூடத்துக்கும் ஒருமுறை போய் வாருங்கள். 1958இல் தொடங்கிய அந்தக் கூடத்தின் சேகரிப்பில் தாஜுடினும் இருக்கிறார். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். அளவு தப்பாக இருக்கிறது என்று அவர்கள் சொன்னால் திருத்தாதீர்கள். எந்த இடத்தில் தப்பு, அதைப் பார்த்ததும் மனத்தில் என்ன தோன்றியது என்று மட்டும் கேளுங்கள்.