ரெண்டு பிரேக்கு... ஒரு உயிரு!

எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் பைக் ஓட்டியிருக்கீங்களா பாஸ்? ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் ஹார்பர் ஜீரோ கேட்டுக்காக வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகள், நடுவுல நாம! மணல், தூசு, டீசல் கசிவு, காசிமேடு பக்கம் வந்தா மீன் வண்டியில இருந்து சொட்டுற ஐஸ் தண்ணி... இத்தனையும் தாண்டி காலேஜுக்குப் போய் அட்டெண்டன்ஸ் வாங்குறதே ஒரு சாகசம்தான்.

போன மழைக்காலத்துல ஒரு சாயங்காலம். அப்பாவோட பழைய 100 சி.சி. பைக்கில் திருவொற்றியூரில் இருந்து ராயபுரத்துக்கு வந்துட்டிருந்தேன். முன்னால் போன ட்ரெய்லர் சடாரென்று நின்றது. பதறிப்போய் பின் பிரேக்கை ஒரே மிதி! சக்கரம் லாக் ஆகி, வண்டி பாம்பு மாதிரி நெளிஞ்சு, ட்ரெய்லருக்கு ரெண்டு சாண் தள்ளி நின்னுச்சு. இறங்கி வந்த டிரைவர் அண்ணன் திட்டப் போறார்னு நினைச்சேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "இன்னா தம்பி, ரெண்டு பிரேக்கு வச்சிக்கினு ஒண்ணத்தான் மிதிக்கிற?"

இன்ஜினீயரிங் படிக்கிற என்கிட்ட பதில் இல்லை!

ஹர்ட் சார் சொன்ன கணக்கு

"முன் பிரேக்கைப் புடிச்சா தூக்கி அடிச்சிடும்டா!" பைக் கத்துக்கொடுத்த அப்பாவோ, சித்தப்பாவோ, பக்கத்து வீட்டு அண்ணனோ உங்ககிட்டயும் இதைச் சொல்லியிருப்பாங்க. நாமும் நம்பிட்டோம். ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல எட்டு போட்டோம், லைசென்ஸ் வாங்கினோம், அத்தோட படிப்பு முடிஞ்சுது.

இது நம்ம ஊரு கதை மட்டும் இல்லை. அமெரிக்காவின் சதர்ன் கலிஃபோர்னியா யுனிவர்சிட்டியைச் சேர்ந்த ஹாரி ஹர்ட், லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் நடந்த 900 பைக் விபத்துகளை ஸ்பாட்டுக்கே போய் ஆராய்ந்து, 1981-ல் ரிப்போர்ட் கொடுத்தார். விபத்தில் சிக்கியவர்களில் 92 சதவிகிதம் பேர் தானாகவோ, வீட்டார், நண்பர்களிடமோ கத்துக்கிட்டவங்க. ஆபத்து வந்த நொடியில் பலர் பின் பிரேக்கை அழுத்தி சறுக்கியிருக்காங்க, முன் பிரேக்கைப் போதுமான அளவு பிடிக்கவே இல்லை. அட, நான் செஞ்ச அதே தப்பு!

இந்தியாவில் 2022-ல் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,000-க்கும் மேல். அதில் நூற்றுக்கு 44 பேர் டூவீலரில் போனவர்கள். அந்த 44-ல் நாம சேராம இருக்கணும்னா, எட்டுக்கு மேலயும் கொஞ்சம் கத்துக்கணும்.

பிறந்த வீடு இங்கே... பாடம் எங்கே?

இந்திய புல்லட்டோட பிறந்த வீடு நம்ம திருவொற்றியூர்தான். 1955-ல் 'என்ஃபீல்ட் இந்தியா' உருவான பிறகு, இந்த ஃபேக்டரியில் இருந்துதான் நாடு முழுக்க புல்லட் போச்சு. சோழவரத்தில் இருந்த இரண்டாம் உலகப் போர் காலத்து ரன்வேயில் பல வருஷம் ரேஸ் நடந்திருக்கு. 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்போட ட்ராக் வந்தது. சுமார் 3.7 கிலோமீட்டர், 12 திருப்பங்கள். கீத் கோட் 1980-ல் ஆரம்பிச்ச 'கலிஃபோர்னியா சூப்பர்பைக் ஸ்கூல்' இந்த ட்ராக்கிலும் வகுப்பு எடுத்திருக்கு.

ட்ராக்னா வேகம் மட்டும்தான்னு நினைச்சா தப்பு. அந்த ஸ்கூலின் முதல் லெவலில் சொல்லித்தர்றது என்ன தெரியுமா? ஆக்ஸிலரேட்டரை எப்படித் திறக்கணும், எந்த இடத்தில் திரும்பணும், ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்காம எப்படி உட்காரணும், கண்ணை எங்கே வைக்கணும். அவ்வளவுதான்! எதிரில் லாரி இல்லை, குறுக்கே நாய் இல்லை. ஒரே திருப்பத்தை இருபது தடவை எடுக்கலாம், தப்பு செஞ்சா திருத்திக்கலாம். ரோட்டில் அந்த சான்ஸ் கிடைக்குமா?

ரோட்டுக்கு எது உதவும்?

முதல்ல பிரேக். பிரேக் பிடிச்சதும் வண்டியோட எடை முன்னால் சாயும். பின் டயர் லேசாகி சீக்கிரம் சறுக்கும், முன் டயர் ரோட்டை நல்லா கவ்வும். 60 கி.மீ. வேகத்தில் ரெண்டு பிரேக்கையும் சரியாகப் பிடித்தால், காய்ந்த ரோட்டில் சுமார் 20 மீட்டரில் நிற்கலாம். பின் பிரேக் மட்டும்னா அந்தத் தூரம் ரெண்டு மடங்கைத் தாண்டும். நீங்க சுதாரிக்கிற ஒரு செகண்டில் ஓடும் 17 மீட்டர் தனி! வேகம் ரெண்டு மடங்கானா நிற்கிற தூரம் நாலு மடங்கு. ப்ளஸ் ஒன் ஃபிசிக்ஸ்தான், மறந்துட்டோம்.

அடுத்தது கண். பள்ளத்தையே முறைச்சுப் பார்த்தா வண்டி பள்ளத்துக்குத்தான் போகும். தப்பிக்கிற வழியைப் பாருங்க, கை தானா அங்கே போகும்.

மூணாவது, ஹேண்டில். ஓரளவு வேகத்தில் போகும்போது இடது பக்கம் விலகணுமா? இடது கைப்பிடியை லேசா முன்னால் தள்ளுங்க. வண்டி இடது பக்கமே சாயும். கேட்க தலைகீழா இருக்கும், ஆனா உண்மை.

அதே சமயம், ட்ராக்கில் கத்துக்கிட்ட ரேஸிங் லைனை மணலி ரோட்டில் போட்டுப் பார்க்காதீங்க. 40 அடி கன்டெய்னர் லாரி இடது பக்கம் திரும்பும்போது, அதோட பின் சக்கரம் உள்பக்கமா வெட்டிட்டு வரும். அந்தச் சந்துல நுழைஞ்சா எந்தப் பயிற்சியும் காப்பாத்தாது. 'நான் ட்ரெயினிங் முடிச்சவன்'கிற கெத்துதான் இருக்கிறதிலேயே பெரிய டேஞ்சர்.

ஞாயித்துக்கிழமை ஹோம்வொர்க்!

ட்ராக் பயிற்சிக்கான ஃபீஸ் நம்ம பாக்கெட் மணிக்குக் கட்டுப்படியாகாது. பரவாயில்லை. ஒரு காலி மைதானம், ஹெல்மெட், ஷூ, கூட ஒரு ஃப்ரெண்ட் போதும்.

* 20 கி.மீ. வேகத்தில் நேராக வந்து, ரெண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடிங்க. முன் பிரேக்கை வெடுக்னு இழுக்காம, எலுமிச்சம்பழம் பிழியற மாதிரி அழுத்தத்தைக் கூட்டுங்க. பழகினதும் 30, 40.

* திருப்பத்திலும் மணலிலும் முன் பிரேக் வேண்டாம். திரும்புறதுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைங்க.

* 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டின்னா ஏ.பி.எஸ். இருக்கும். அது வேலை செய்யும்போது லீவர் துடிக்கும். பயந்து விட்டுடாதீங்க!

* லாரியின் சைடு கண்ணாடியில் டிரைவர் முகம் உங்களுக்குத் தெரியலையா? அவருக்கும் நீங்க தெரியலை.

மூணு மாசமா ஞாயித்துக்கிழமை காலையில் ஆறு மணிக்கு நானும் என் கிளாஸ்மேட்டும் இதைத்தான் பண்றோம். பார்க்கிறவங்க சிரிக்கிறாங்க. போன வாரம் தண்டையார்பேட்டையில் ஒரு ஆட்டோ திடீர்னு குறுக்கே வந்துச்சு. யோசிக்கிறதுக்கு முன்னாடியே என் ரெண்டு விரல் முன் பிரேக்கைப் பிழிஞ்சுது. வண்டி நேரா நின்னுச்சு.

அந்த லாரி டிரைவர் அண்ணனை மறுபடி பார்த்தா சொல்லணும்: "அண்ணே, இப்ப ரெண்டையும் புடிக்கிறேன்!"