பித்தளைத் துளையும் உப்புக் காற்றும்

போன வாரம் சிலிண்டர் ஹெட்டை மூடி போல்ட்டுகளை முடுக்கினோம். இந்த வாரம் கார்புரேட்டர்.

மரக்காணத்தில் கார்புரேட்டர் தெரிந்த ஆளைப் பிடிப்பது முன்புபோல எளிதில்லை. ஃபைபர் படகுகளில் பெரும்பாலும் டீசல் எஞ்சின். அதற்குக் கார்புரேட்டரே கிடையாது. மிஞ்சியிருப்பவை பழைய மண்ணெண்ணெய் அவுட்போர்டுகளும் சில பம்ப்செட்டுகளும்தான். ஒரு காலத்தில் பக்கிங்காம் கால்வாயில் உப்புப் படகுகள் பாய் விரித்தும், கரையிலிருந்து கயிறு கட்டி இழுத்தும் சென்னைப் பக்கம் போயின. கால்வாயின் தென்கோடி மரக்காணம். அந்தப் படகோட்டிகளுக்கு இந்தத் தலைவலி இல்லை. நம் பாய்மரப் படகுக்கு, காற்று விழுந்தபின் கரை சேர, பின்பலகையில் ஒரு டூ ஸ்ட்ரோக் எஞ்சின் தேவைப்படுகிறது.

கிண்ணத்தைக் கழற்றியதும் உள்ளே வெள்ளைப் பொடி. அலுமினிய உடலும் பித்தளை ஜெட்டும் ஒட்டியிருக்கும் இடத்தில் ஈர உப்பு சேர்ந்தால் அலுமினியம்தான் முதலில் அரிபடும். சோற்றுப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் கசியும். கடல்நீரில் அதோடு கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கோ 33 சதவீதமே போதும். உப்பளக் கரையில் ஈரப்பதம் அதற்கும் கீழே இறங்குவது அபூர்வம். ஆக, நிறுத்திவைத்த எஞ்சினும் ஓயாமல் நனைந்துகொண்டே இருக்கிறது.

ரிப்பேர் கிட் பிளாஸ்டிக் உறையில் வந்தது: நீடில், அதன் சீட், ஜெட்டுகள், கேஸ்கெட், சில நார் வாஷர்கள். எல்லாவற்றையும் மாற்றிவிடுவோம் என்றேன். மெக்கானிக் உறையைப் பிரிக்காமலே தள்ளி வைத்தார். "கிட்ல இருக்குன்னு எல்லாத்தையும் மாட்டிடாதீங்க சார். பழசுல நம்பர் என்னன்னு மொதல்ல பாருங்க."

பழைய மெயின் ஜெட்டின் தலையில் 95. கிட்டில் வந்ததில் 100. இந்த வகை ஜெட்டில் அந்த எண், துளையின் விட்டத்தை மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்காகச் சொல்வது. 0.95, 1.00, கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் துளையின் பரப்பு கிட்டத்தட்ட 11 சதவீதம் கூடிவிடுகிறது. எரிபொருள் கூடினால் புகை, கரிபிடித்த பிளக். குறைந்தால் அதைவிட மோசம்: டூ ஸ்ட்ரோக்கில் எண்ணெய் எரிபொருளோடுதான் வருகிறது, பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். எல்லாத் தயாரிப்பாளர்களும் ஒரே முறையில் எண் போடுவதில்லை. சிலர் விட்டத்தை எழுதுகிறார்கள், சிலர் பாயும் அளவை. அதனால் ஒரு கம்பெனியின் 100-ஐ இன்னொன்றின் 100-க்குப் பதில் மாட்ட முடியாது.

பழைய ஜெட்டையே சுத்தம் செய்தோம். கம்பி விட்டுக் குத்தினால் பித்தளை தேய்ந்து துளை பெரிதாகிவிடும். அவர் எடுத்தது தூண்டில் நரம்பு. மீன்பிடிக் கரையில் அதற்குப் பஞ்சமா?

நீடிலும் சீட்டும் ஜோடியாக மாற வேண்டியவை. அவற்றைப் புதிதாகவே போட்டோம். பழைய நீடிலின் கூம்பு முனையைச் சுற்றி மெல்லிய வளையமாகத் தேய்மானம் விழுந்திருந்தது. சீட்டைத் திருகுமுன் குழிக்குள் விரல் நகத்தால் சுரண்டச் சொன்னார். பழைய நார் வாஷர் அடியிலேயே ஒட்டிக் கிடந்தது. அதன்மேல் புது வாஷரையும் வைத்திருந்தால் சீட் மிதவையை நோக்கி இறங்கியிருக்கும். மிதவை சீக்கிரமே அடைத்துவிடும். கிண்ணத்தில் மட்டம் குறையும். இப்படி இரட்டை வாஷரோடு வரும் எஞ்சின்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறாராம்.

ரப்பர் எதையும் பழையதில் வைக்கவில்லை. இந்தியாவில் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2022-ல் 10 சதவீதத்தைத் தொட்டது; 2023-ல் 20 சதவீதக் கலப்பு விற்பனைக்கு வந்தது. இந்த எஞ்சின் அதற்கு முந்தைய காலத்து ஆள். எத்தனால் பழைய ரப்பரை ஊத வைக்கும், ஈரத்தையும் இழுக்கும். ஈரம் மிஞ்சினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும். எண்ணெய் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். ஜெட் உறிஞ்சுவதோ அடியிலிருந்துதான்.

பைக் கடையில் பாதி விலைக்கு ஒரு கார்புரேட்டர் கிடைக்கும், அதையே மாட்டலாமே என்று நண்பர் கேட்டார். படகின் உடலுக்குள் உட்காரும் பெட்ரோல் எஞ்சினுக்கு அது ஆபத்து. அமெரிக்காவில் 1947 முதல் தயாராகி ஏராளமான பாய்மரப் படகுகளில் ஏறிய ஆட்டமிக் 4 அத்தகையது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம்; கசிந்தால் படகின் அடிவயிற்றில் தேங்கி, ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். அதனால்தான் படகுக் கார்புரேட்டரில் கிண்ணம் நிரம்பி வழிந்தால் பெட்ரோல் வெளியே சிந்தாமல் எஞ்சினின் காற்றுப் பாதைக்கே போகும்படி அமைத்திருப்பார்கள். உள்ளிருந்து தீ எகிறாமல் தடுக்கும் வலையும் அமெரிக்காவில் 1940 முதல் சட்டப்படி கட்டாயம். நம்முடையது வெளியே தொங்கும் எஞ்சின், அந்த அளவுக்குப் பயமில்லை. இருந்தாலும் பைக் சாமான் வேண்டாம் என்று நான் பிடிவாதமாக இருந்தேன்.

கடைசிச் சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டியிருக்கவில்லை. கிண்ணத்தை மாட்டுமுன் கார்புரேட்டரைத் தலைகீழாகப் பிடித்து, பெட்ரோல் வரும் குழாயில் வாய் வைத்து ஊதினார். மிதவையின் எடை நீடிலை அழுத்துவதால் காற்று போகக் கூடாது, போகவில்லை. நிமிர்த்தி ஊதினார், போனது. கேஸ்கெட் வைத்துக் கிண்ணத்தை மூடி, மேசையிலேயே பெட்ரோல் ஊற்றி ராத்திரி முழுக்க விட்டுவைத்தோம். காலையில் அடியில் விரித்திருந்த செய்தித்தாளில் ஒரு சொட்டுக் கறை இல்லை.

அடுத்தது மேக்னெட்டோ. அதன் பாயிண்டில் உப்பு என்ன செய்திருக்கிறது என்பதை இன்னும் திறந்து பார்க்கவில்லை.

(தொடரும்)