விறைப்புச் சட்ட மோட்டார் சைக்கிளும் இருக்கைத் தேர்வும்

பின்சக்கரம் சட்டத்துடன் அசைவின்றிப் பிணைக்கப்பட்ட மோட்டார் சைக்கிள்களில், அச்சக்கரத்தின் வழி ஏறும் அதிர்ச்சியைத் தணிப்பவை டயரும் இருக்கையின் சுருள்வில்லும் மட்டுமே. ஹார்லி-டேவிட்சன் நிறுவனம் 1912-ஆம் ஆண்டில் இருக்கையைத் தாங்கும் குழாயினுள்ளேயே சுருள்வில்லை அமைத்தது. அந்நிறுவனத்தின் மிகப் பெரிய வண்டிகளுக்குப் பின்சக்கரச் சுருள்வில் 1958-இல்தான் வந்தது. அதுவரை ஓட்டுநரின் முதுகெலும்பைக் காத்தது இருக்கையே.

தடித்த மெத்தை போதுமெனப் பலர் கருதுவர்; அது சரியன்று. வினாடிக்கு 4 முதல் 8 முறை நிகழும் செங்குத்து அதிர்வுகளே உடலை மிகுதியாக வருத்துகின்றன. சுருள்வில்லோ தனது இயல்பு அதிர்வெண்ணைப் போல் ஏறக்குறைய 1.4 மடங்குக்கு மேற்பட்ட அதிர்வுகளையே தணிக்கும். அவ்வதிர்வெண்ணை ஒட்டியவற்றைப் பெருக்கவும் செய்யும். இவ்வியல்பு அதிர்வெண், ஓட்டுநர் அமரும்போது இருக்கை எவ்வளவு அமிழ்கிறது என்பதைப் பொறுத்தது. 25 மி.மீ. அமிழ்ந்தால் அது வினாடிக்கு ஏறத்தாழ 3.2 ஆகும், தணிப்பு 4.5-க்கு மேல்தான் தொடங்கும். 50 மி.மீ. அமிழ்ந்தால் அது 2.2 ஆகும், தணிப்பு 3.2 அளவிலேயே தொடங்கிவிடும்.

ஆதலின், ஓட்டுநரின் எடைக்கேற்ற சுருள்வில்லைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். இருக்கையின் பின்விளிம்புக்கும் சட்டத்துக்கும் உள்ள இடைவெளியை, அமர்வதற்கு முன்னும் அமர்ந்த பின்னும் அளவுகோலால் அளந்தால் அமிழ்வு புலனாகும். அமிழ்ந்த பின்னரும் போதிய இடைவெளி எஞ்சியிருத்தல் அவசியம். இல்லையேல் பெரும் பள்ளங்களில் சுருள்வில் முற்றும் நெருங்கி, இடி முழுவதும் முதுகைத் தாக்கும். துள்ளல் நெடுநேரம் நீடிக்குமாயின், அதனை அடக்கும் எண்ணெய்த் தணிப்பான் ஒன்றையும் சேர்த்துப் பொருத்துதல் நலம்.