வயிற்று வலியும் பிள்ளைப் பாக்கியமும்

சுகர் லேண்டிலும் அதைச் சூழவுள்ள ஊர்களிலும் புதிதாகக் குடியேறியுள்ள எம்மவர் வீடுகளில் வெளியே பேசப்படாத விடயம் ஒன்றுண்டு. "மாதாமாதம் வரும் வலிதானே, கலியாணம் முடிந்தால் சரியாகிவிடும்" என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். கலியாணமாகிச் சில வருடங்களாகியும் பிள்ளை இல்லையென்றால் பழி பெண்ணின் தலையில்தான் விழுகிறது. அந்த வலியே காரணமாக இருக்கலாம் என்று நாம் நினைப்பதில்லை.

கருப்பையின் உட்சவ்வைப் போன்ற திசு, சூலகம் போன்ற கருப்பைக்கு வெளியேயுள்ள இடங்களில் வளர்வதே எண்டோமெட்ரியோசிஸ். பிள்ளை பெறும் வயதுள்ள பெண்களில் ஏறத்தாழ 10 வீதமானோருக்கு இந்நோய் உண்டென்கிறது உலக சுகாதார நிறுவனம். இது எவருடைய குற்றமுமல்ல.

சோதனைக்குழாய் முறை இவர்களுக்குக் கைகொடுக்குமா? நோய் இலேசாக இருந்தால் வெற்றி வாய்ப்பு மற்றப் பெண்களுக்குக் கிட்டத்தட்டச் சமம். முற்றிய நிலையில் கிடைக்கும் முட்டைகள் குறைவதால் வாய்ப்பும் குறையலாம். ஆயினும் பலர் தாயாகியுள்ளனர். சூலகத்திலுள்ள 'சொக்லேட் கட்டி'யைச் சத்திரசிகிச்சையால் அகற்றும்போது நல்ல முட்டைகளும் அழியக்கூடும். ஆகவே எல்லோருக்கும் வழமையாக அதை அகற்ற வேண்டாமென 2022ஆம் ஆண்டின் ஐரோப்பிய வைத்திய வழிகாட்டி கூறுகிறது. சத்திரசிகிச்சைக்குச் சம்மதிக்குமுன், முட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.எச். இரத்தப் பரிசோதனை பற்றி வைத்தியரிடம் கேளுங்கள். கணவரும் விந்துப் பரிசோதனை செய்வது அவசியம்.

செலவு பெரிது. டெக்சஸ் சட்டப்படி, குழுக் காப்புறுதி விற்கும் நிறுவனங்கள் இச்சிகிச்சைக்கான காப்பையும் முன்வைக்க வேண்டும். அதை வாங்குவது வேலை தருபவரின் விருப்பம். வாங்கியிருந்தால், ஐந்து வருடம் பிள்ளையின்றி இருந்திருக்க வேண்டுமென்ற நிபந்தனை எண்டோமெட்ரியோசிஸால் பாதிக்கப்பட்டவர்களுக்குப் பொருந்தாது. வேறு நிபந்தனைகள் உண்டு, வேலையிடத்தில் விசாரியுங்கள். நோயின் பெயர் வைத்தியக் கோவையில் பதிவாகியிருப்பது இதனாலேயே முக்கியம்.

ஆங்கிலம் தடையென்று தயங்க வேண்டாம். மத்திய அரசின் நிதி பெறும் வைத்தியசாலைகள் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகத் தரவேண்டும். இத்தகைய அந்தரங்க விடயத்துக்குப் பிள்ளைகளையோ அயலவரையோ கூட்டிச் செல்லத் தேவையில்லை.

35 வயதுக்குக் குறைந்தோர் ஒரு வருடமும், 35 வயதும் அதற்கு மேற்பட்டோர் ஆறு மாதமும் முயன்றபின் வைத்தியரை நாடவேண்டும். நோய் இருப்பது தெரிந்தால் காத்திருக்கவே வேண்டாம். "இன்னும் விசேடமில்லையா?" என்று அவளைக் கேட்பதை நாமும் நிறுத்துவோம். வைத்தியரிடம் போகும் நாளில் துணைக்குப் போவோம்.