அளவுகோலின் முன் ஒரு நிமிடம்

டிசம்பர் பிறந்துவிட்டால் கொல்கத்தா நகரமே வீட்டைவிட்டு வெளியே வந்துவிடுகிறது. புழுக்கத்துக்கும் மழைக்கும் அஞ்சி ஒதுங்கியிருந்த குடும்பங்கள், மஃப்ளரும் குரங்குக் குல்லாயும் அணிந்து, ஒரு பையில் ஆரஞ்சுப் பழங்களும் மறு பையில் பூரியும் உருளைக்கிழங்குமாகப் புறப்பட்டுவிடுகின்றன. சிலர் 1876ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் அலிப்பூர் உயிரியல் பூங்காவுக்குச் செல்வர். சிறு குழந்தைகள் உள்ள வீடுகளிலோ, பெரும்பாலும் ராட்டினங்கள் சுழலும் இடமே குறியாக இருக்கும்.

பணியிட மாற்றத்தில் இந்நகருக்கு வந்த முதல் குளிர்காலத்தில் நாங்களும் அவ்வாறே புறப்பட்டோம். மகளுக்கு அப்போது எட்டு வயது, மகனுக்கு நான்கு. பூங்காவுக்குள் நுழைந்ததும் மகன் கைகாட்டியது, நம் ஊர்ப் பொருட்காட்சிகளில் ‘கொலம்பஸ்’ என்று அழைக்கப்படும் ஊசலாடும் கப்பலை. வரிசையில் அரைமணி நேரம் நின்றோம். வாயிலில் இருந்த அளவுகோலின் முன் அவன் நின்றபோது, கோட்டுக்கும் அவன் தலைக்கும் இடையே நன்றாக ஒரு சாண் இடைவெளி இருந்தது.

“நான் பிடித்துக்கொள்கிறேன், பொறுப்பு என்னுடையது” என்று எனக்குத் தெரிந்த இந்தியில் வாதாடினேன். இயக்குநரான இளைஞர் சிரித்தபடி, “தாதா, நீங்கள் பிடிப்பீர்கள், கம்பி பிடிக்காதே” என்றார். (வங்காளத்தில் ‘தாதா’ என்றால் அண்ணன், தமிழ்நாட்டு வாசகர்கள் அஞ்ச வேண்டாம்.) வரிசையில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க, அழும் மகனைத் தூக்கிக்கொண்டு விலகினேன். கோபம் தணியச் சற்று நேரமாயிற்று. தணிந்தபின் நாணம் வந்தது. அதே வாரத்தில்தான், கையொப்பம் ஒத்துவராத காசோலையுடன் வந்த பெரியவர் ஒருவர், “நான் பொறுப்பேற்கிறேன், பணத்தைக் கொடுங்கள்” என்று கேட்டார். விதி தங்கள் பாதுகாப்புக்காகவே என்று அவருக்கு நெடுநேரம் விளக்கியவன் நான்.

கம்பியின் கணக்கு

உயரக் கட்டுப்பாட்டைப் பெற்றோர் பலர் குழந்தையின் துணிச்சலுக்கு வைக்கப்படும் தேர்வாக எண்ணுகின்றனர். உண்மையில் அது இருக்கையின் வடிவமைப்பைச் சார்ந்தது. பல ராட்டினங்களில் இருவருக்கும் மூவருக்கும் சேர்த்து ஒரே பாதுகாப்புக் கம்பிதான் மடிமேல் இறங்குகிறது. அருகில் அமர்ந்திருக்கும் தந்தையின் தொடையில் முட்டியதும் அது நின்றுவிடும். குழந்தையின் மடிக்கும் கம்பிக்கும் இடையே அப்போது பெரும் இடைவெளி இருக்கும். ஊஞ்சல் உச்சியிலிருந்து இறங்கும் கணத்தில் உடல் எடையற்றதுபோல் மேலெழும்பும். சிறிய உடல் கம்பிக்கு அடியில் நழுவுவதற்கு அந்தக் கணமே போதும். அத்தகைய வேகத்தில் தந்தையின் கை எவ்வளவு வலிமையுடையதாயினும் நம்பத்தக்கதன்று. இளைஞர் ஒரே வரியில் சொன்னது இதைத்தான்.

உடலமைப்பும் இதில் சேர்கிறது. பிறந்த குழந்தையின் உடல் நீளத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு தலை. வளர்ந்தவரிடம் அது எட்டில் ஒரு பங்கே. இடைப்பட்ட ஆண்டுகளில், ஒப்பளவில் பெரிய தலையை இன்னும் வலுப்பெறாத கழுத்து தாங்கிக்கொண்டிருக்கிறது. ஆகவே திடீரெனக் குலுக்கும், சட்டெனத் திரும்பும் சாதனங்கள் சிறு குழந்தைகளுக்கு ஏற்றவையல்ல.

வயதைச் சொல்லி அனுமதி கேட்பதிலும் பயனில்லை. உலக நலவாழ்வு அமைப்பின் வளர்ச்சி அட்டவணைப்படி, இடைநிலை உயரம் 3 வயதில் ஏறத்தாழ 95 செ.மீ., 5 வயதில் 110 செ.மீ., 7 வயதில் 121 செ.மீ. ஆகும். எனவே மூன்றடி (91 செ.மீ.) என்ற வரம்பைப் பெரும்பாலான குழந்தைகள் இரண்டரை வயதையொட்டியும், நான்கடி (122 செ.மீ.) என்ற வரம்பை ஏழு வயதையொட்டியும் எட்டுகின்றனர். ஆயினும் ஒரே வகுப்பில் படிக்கும் இரு குழந்தைகளிடையே பத்து செ.மீ. வேறுபாடு இருப்பதும் இயல்பே. புறப்படுமுன் வீட்டுச் சுவரில் செருப்பின்றி அளந்து குறித்துக்கொண்டால், வரிசையில் நின்று ஏமாறும் துயரம் குழந்தைக்கு நேராது. எங்கள் மகன் அழுத அழுகையில் பாதி, நான் முன்கூட்டி அளக்காததால் விளைந்தது.

எதில் ஏற்றலாம்?

கொல்கத்தாவில் தேர்வுக்குக் குறைவில்லை. சால்ட் லேக் பகுதியில் 1991 அக்டோபரில் திறக்கப்பட்ட நிக்கோ பூங்கா, சுமார் 40 ஏக்கரில் அமைந்தது. பொம்மை ரயிலும் உண்டு. மரச்சட்டங்களால் ஆன ‘சைக்ளோன்’ என்னும் ரோலர் கோஸ்டரும் உண்டு. ஒரே வளாகத்தில் இவ்விரண்டும் இருப்பதே பெற்றோருக்குச் சோதனை. முதலில் சென்றடைய வேண்டியது பொம்மை ரயில். பூங்காவைச் சுற்றிக் காட்டுவதுடன், குழந்தையின் கண் எங்கே விரிகிறது, எங்கே சுருங்குகிறது என்பதையும் அதில் அமர்ந்தே அறிந்துகொள்ளலாம்.

அடுத்து, குதிரை ராட்டினம். உள்வரிசைக் குதிரையும் வெளிவரிசைக் குதிரையும் ஒரே நேரத்தில் ஒரு சுற்றை முடித்தாலும், வெளியே உள்ளது கடக்கும் தொலைவு அதிகம். ஆகவே அதன் வேகமும் அதிகம். முதன்முறை ஏறும் குழந்தைக்கு உள்வரிசையே நலம். மேலும் கீழும் அசையாத இருக்கைப் பலகை இருந்தால் இன்னும் நலம். ஊசலாடும் கப்பலிலும் இதே கணக்குதான்: நடுவில் அமர்ந்தால் தாலாட்டு, ஓரத்தில் அமர்ந்தால் அச்சம். உயர வரம்பைத் தாண்டிய குழந்தையையும் முதன்முறை நடுவரிசையிலேயே அமர்த்துங்கள்.

வேகமாகச் சுழலும் சாதனங்களில் உடல் வெளிப்புறமாகத் தள்ளப்படும். பெரியவர் உள்பக்கமும் குழந்தை வெளிப்பக்கமும் அமர்ந்தால், பெரியவரின் எடை முழுவதும் குழந்தையை நெருக்கும். இயக்குநர் வேறுவிதமாகக் கூறாதவரை, கனமானவர் வெளிப்பக்கம் அமர்வதே முறை. பயணக் குமட்டல் இரண்டு வயதுக்குப் பின் தொடங்கிப் பன்னிரண்டு வயது வரை மிகுதியாகக் காணப்படுவது. பேருந்தில் வாந்தியெடுக்கும் குழந்தையைச் சுழலும் கிண்ணத்தில் அமர்த்த வேண்டியதில்லை. சாப்பிட்டு எழுந்ததும் எந்தக் குழந்தையையும் அமர்த்த வேண்டியதில்லை.

மோதும் கார்கள் தோற்றத்தில் பொம்மைபோல் இருப்பினும், எதிர்பாராத திசையிலிருந்து வரும் இடி கழுத்தைக் குலுக்கும். இருட்டுக் குகைக்குள் படகில் செல்லும் சவாரிகளில் வேகம் இல்லை, இடியும் இல்லை. அங்கே சிக்கல் வேறு. மூன்று, நான்கு வயதில் மெய்யும் கற்பனையும் பிரிந்திருப்பதில்லை. நமக்கு நாரில் செய்த பூதம், குழந்தைக்குப் பூதமேதான். நுழையுமுன் “உள்ளே இருட்டாக இருக்கும், பொம்மைகள் சத்தம் போடும், சற்று நேரத்தில் வெளியே வந்துவிடுவோம்” என்று சொல்லிவிடுவது நன்று. சொல்லியும் தயங்கினால் விட்டுவிடுவது அதைவிட நன்று.

சறுக்குமரத்தைப் பற்றித் தனியே ஒன்று கூற வேண்டும். குழந்தையை மடியில் அமர்த்திக்கொண்டு சறுக்குவது பாதுகாப்பு என்றே நாம் நம்பிவருகிறோம். குழந்தையின் கால் பக்கச் சுவரில் சிக்கிக்கொள்ளும்போது, பெரியவரின் எடை கீழ்நோக்கி இழுக்க, முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு முறிந்துவிடுகிறது. எலும்பு மருத்துவர்கள் நன்கறிந்த காயம் இது. தனியே சறுக்கும் வயது வராத குழந்தைக்குச் சிறிய சறுக்கு போதும். பக்கத்தில் நின்று கைகொடுத்தால் போதும்.

ராட்டினங்களே வேண்டாம் என்று எண்ணுவோருக்கும் இந்நகரில் வழியுண்டு. 1997 ஜூலை 1 அன்று பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட சயின்ஸ் சிட்டியில் பொம்மை ரயிலும் கம்பிவட ஊர்தியும் உள்ளன; அசையும் டைனோசர்கள் உள்ளன. அங்கும் ‘டைம் மெஷின்’ போன்ற குலுங்கும் அரங்கினுள் நுழையுமுன், குழந்தையின் இயல்பை எண்ணிப்பாருங்கள். நியூ டவுனில் 2012 டிசம்பரில் திறக்கப்பட்ட ஈகோ பூங்காவில், பரந்த ஏரிக்கரையும் ஓடியாடப் புல்வெளியும் உள்ளன. மூன்று வயதுக் குழந்தைக்கு எந்த ராட்டினமும் தராத களிப்பை அந்தப் புல்வெளி தரக்கூடும்.

திரும்பி வராத பணம்

வணிகவியல் படித்தவன் என்ற முறையில் இதைச் சற்று விரிவாகக் கூற விழைகிறேன். பூங்காக்களில் பல சாதனங்களுக்கும் சேர்த்து ஒரே சீட்டு விற்கப்படுவதுண்டு. பத்துச் சாதனங்களுக்குப் பணம் கட்டிவிட்டு, குழந்தை நான்கில் மட்டும் மகிழ்ந்தால், எஞ்சிய ஆறும் நட்டம் என்று மனம் கணக்கிடுகிறது. “பணம் கட்டியாகிவிட்டது, ஏறு” என்ற சொல் அப்போதுதான் பிறக்கிறது. ஆனால் செலவழிந்துவிட்ட பணம், அடுத்த முடிவில் இடம்பெறத் தகுதியற்றது. ஏறினாலும் அது திரும்பாது, ஏறாவிட்டாலும் திரும்பாது. இனி எடைபோட வேண்டியவை இரண்டே: குழந்தையின் மகிழ்ச்சி, குழந்தையின் அச்சம்.

இதை ஏட்டிலிருந்து மட்டும் நான் எழுதவில்லை. எனக்கு ஐந்து வயதிருக்கும்போது, எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் பெரிய ராட்டினத்தில் என்னை ஏற்றினார் என் தந்தை. அழுதேன். “காசு கொடுத்தாச்சுடா, ஒண்ணும் ஆகாது” என்றார். அவர் கொடியவர் அல்லர். அன்றைய வருமானத்தில் அந்தக் காசு அவருக்குப் பெரிது, மகனுக்கு ஒரு மகிழ்ச்சியைக் கொடுத்துவிட வேண்டும் என்ற ஆவல் அதைவிடப் பெரிது. உச்சியில் ராட்டினம் நின்றபோது நான் கண்களை மூடிக்கொண்டேன். நாற்பதைக் கடந்த பின்னும், ஹவுரா பாலத்தின் ஓரத்தில் நின்று கீழே ஓடும் ஹூக்ளியைப் பார்க்க என்னால் இயலவில்லை. அன்றைய காசு அந்த அச்சத்தில்தான் வரவு வைக்கப்பட்டிருக்கிறது.

சிறு குழந்தைகளுடன் செல்வோர், நுழைவுச்சீட்டுடன் இரண்டு அல்லது மூன்று சாதனங்களுக்குத் தனித்தனியே சீட்டு வாங்குவது உசிதம். பிடித்த ஒன்றிலேயே மூன்று முறை ஏறக் குழந்தை விரும்பினால் அதுவும் லாபமே.

பார்க்க வேண்டியவை

இந்தியத் தர நிர்ணய அமைவனம், கேளிக்கைச் சாதனங்களின் பாதுகாப்புக்கென ஐ.எஸ். 15475 என்னும் நெறிமுறைத் தொகுப்பை வெளியிட்டுள்ளது. எனினும் 2019 ஜூலை 14 அன்று அகமதாபாத் காங்கரியா ஏரிக்கரைப் பூங்காவில் ஊசலாடும் ராட்டினம் முறிந்து இருவர் உயிரிழந்ததை மறப்பதற்கில்லை. இயந்திரத்தின் உட்புறத்தை நம்மால் சோதிக்க இயலாது. ஆயினும் ஒரு சுற்று முழுவதும் நின்று கவனிக்க இயலும். இயக்குநர் ஒவ்வொரு கம்பியையும் தொட்டு இழுத்துப் பார்க்கிறாரா, உயரத்தை உண்மையிலேயே அளக்கிறாரா, சாதனம் முழுவதும் நின்ற பிறகே இறங்க விடுகிறாரா, வரம்புகள் எழுதிய பலகை உள்ளதா என்று பாருங்கள். அளக்காமல் ஏற்றும் இடம் தாராளமான இடம் அன்று. குறிப்பாக, சில நாள்களுக்கென்று பூட்டி, பின் கழற்றிச் செல்லப்படும் திருவிழாக்கால ராட்டினங்களில் இக்கவனம் இரட்டிப்பாக வேண்டும். ரத யாத்திரைச் சந்தைகளில் சுழலும் ‘நாகர்தோலா’வுக்கும் நம் ஊர் ராட்டினத்துக்கும் இது பொருந்தும்.

புறப்படும் நாளில் நினைவில் கொள்ளத்தக்கவை:

• குழந்தையின் உயரத்தை வீட்டிலேயே அளந்து, எவற்றில் ஏறலாம் என்பதை முன்னதாகவே அதனிடம் கூறிவிடுதல்.

• மஃப்ளர், துப்பட்டா, நாடா தொங்கும் குல்லாய் ஆகியவற்றை ஏறுமுன் கழற்றிவிடுதல். சுழலும் பகுதியில் சிக்கும் துணி கழுத்துக்கு ஆபத்து.

• நீர்ப்பகுதியில் முழங்கால் ஆழமே ஆயினும், கைக்கெட்டும் தொலைவிலேயே இருத்தல்.

• குழந்தையின் மணிக்கட்டில் கைப்பேசி எண்ணை எழுதுதல். காலையிலேயே அன்றைய உடையுடன் ஒரு படம் எடுத்துவைத்தல்.

• குழந்தை “வேண்டாம்” என்றால், வரிசையின் முனையில் நின்றாலும் திரும்பிவிடுதல்.

அன்று கப்பலில் ஏற இயலாத எங்கள் மகன், பொம்மை ரயிலில் மூன்று முறை சுற்றிவந்தான். மகள் மட்டும் தாயுடன் கப்பலில் ஏறினாள். நான் கீழே நின்று பைகளைக் காத்தேன். லேக் மார்க்கெட் அருகிலுள்ள எங்கள் வீட்டின் கதவு நிலையில் அன்றிரவு ஒரு பென்சில் கோடு போட்டோம். அவனுக்கு இப்போது ஏழு வயது. சென்ற வாரம் அளந்தபோது 120 செ.மீ. நான்கடிக்கு இன்னும் இரண்டு சென்டிமீட்டர் குறைகிறது. கோட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, “அடுத்த வருஷம்ப்பா” என்றான். அடுத்த ஆண்டு நாங்கள் எந்த ஊரில் இருப்போம் என்பது தலைமை அலுவலகத்துக்குத்தான் தெரியும். எந்த ஊராயினும், முதலில் அளந்துவிட்டுத்தான் புறப்படுவோம்.